யாருடைய கிலோ

ஜனவரி 11

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் பையன்கள் இருவருமாக நாங்கள் மூவரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஆய்வுக்கூடத்து எலிக் கூண்டுகளுக்கு முன்னால் குந்தி உட்காராதே என்று டாக்டர் சொன்னதைக் கேட்கிறாயா, இல்லை நீயும் டாக்டர்தானே என்று விட்டுவிட்டாயா? மாட்டு டாக்டர் என்றால் கோபம் வரும் உனக்கு. எலி டாக்டர் என்று திருத்திக்கொள்கிறேன்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்பில் மருந்தின் அளவைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "உடல் எடை ஒரு கிலோவுக்கு இவ்வளவு" என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, "யாரோட கிலோ சார்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அந்தக் கேள்வி இப்போது நம் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பெரியவனுக்குத் தோள்பட்டைத் தசைநார் கிழிந்ததைச் சொல்லியிருந்தேன். ஜிம்மில் ஊருக்கெல்லாம் எடை தூக்கக் கற்றுத்தருகிறவன், தலை சீவக் கையை உயர்த்த முடியாமல் இருந்தான். இப்போது ஏதோ ஒரு பெப்டைடை ஊசியில் ஏற்றிக்கொள்கிறான். புரதம் ஒரு முழுச் சங்கிலி என்றால் பெப்டைடு அதில் சில கண்ணிகள் மட்டும். அவ்வளவு எனக்கும் தெரியும். எந்த டாக்டரும் எழுதிக்கொடுத்ததில்லை. சின்னக் குப்பியில் வெள்ளைத் தூளாகத் தபாலில் வருகிறது. "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று மேலே ஒட்டியிருக்கிறது. கேட்டால், "அதான் நான் ஆராய்ச்சி பண்றேன்ல" என்கிறான்.

ஓர் ஆய்வுக் கட்டுரையை அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறான். எலிகளின் கால் நாரை வெட்டிவிட்டு, கிலோவுக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று தினம் ஓர் ஊசி, ஆறு வாரம் போட்டார்களாம். நார் ஒட்டிக்கொண்டதாம். அந்த எண்ணைத் தன் எடையால் பெருக்கிப் போட்டுக்கொள்கிறான். பெருக்கல் சரியாக இருக்கிறது, பழக்கதோஷத்தில் சரிபார்த்தேன். சின்னவன் பஸ் பணிமனையிலிருந்து வந்ததும், "அண்ணன் எலியாயிட்டாரு, நாளைக்கு ஒரு பொறி வாங்கிட்டு வரேன்" என்று சிரித்தான். அண்ணன்காரன் சிரிக்கவில்லை.

குளியலறைக் கண்ணாடி உடைந்துவிட்டது. பழையது, எப்படியும் மாற்ற வேண்டியதுதான்.

இந்த வீட்டில் ஃபோனில் பேசினால் எல்லா அறைக்கும் கேட்கிறது. அதனால்தான் கடிதம். பதிலையும் வீட்டுக்கு அனுப்பாதே. என் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போடு, வாட்ச்மேன் எடுத்து வைப்பார். மாலை நடையில் போய் வாங்கிக்கொள்வேன்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒற்று.

உன் அண்ணன்

ஜனவரி 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் தனியாக ஒரு கட்சி நடத்துகிறது. உங்கள் ரத்த அழுத்தத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? "பார்க்கிறேன்" என்று எழுதாதீர்கள், எண்ணை எழுதுங்கள்.

உங்கள் கடைசி பெஞ்சுப் பெண்ணை நான் வேலைக்கு எடுத்துக்கொள்வேன். சரியான கேள்வி. அது எலியின் கிலோ. எலியின் கிலோவும் மனிதனின் கிலோவும் தராசில்தான் ஒன்று. சின்ன உடம்பு எதையும் வேகமாக எரித்துத் தள்ளிவிடும். அதனால் எலிக்குக் கிலோவுக்கு அதிகம் வேண்டும், மனிதனுக்குப் பல மடங்கு குறைவாகப் போதும். நேராகப் பெருக்கினால் யானைக்குப் போடுகிற மாதிரி ஆகிவிடும். அதுவும் மனிதருக்குப் போட்டே பார்க்காத மருந்தில் எந்தப் பெருக்கலும் சரியில்லை. உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

அந்தக் கட்டுரையின் தலைப்பையும், அளவு பற்றிய வரிகளையும் அப்படியே எழுதி அனுப்புங்கள். இந்த மாதிரிக் கட்டுரைகள் நிறைய வருகின்றன. எதையென்று தெரிந்தால் நல்லது.

கண்ணாடி தானாக உடைந்ததா?

அன்புடன்,
வாலு

பிப்ரவரி 9

அன்புள்ள வாலு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லாரும் சௌக்கியம். ரத்த அழுத்தம் மேலே நூற்று ஐம்பது. கேட்டாய், எழுதிவிட்டேன், இனி திட்டாதே.

பெரியவனிடம் பேசினேன். பாடமாகச் சொன்னால் ஏறாது என்று உதாரணமாகச் சொன்னேன். "ஒரு டம்ளர் டீயும் ஒரு அண்டா டீயும் ஒரே நேரத்துல ஆறுமாடா?" என்றேன்.

"எனக்கு டீ ஆத்த நேரமில்லப்பா."

"சின்னப் பாத்திரம் சீக்கிரம் ஆறும். எலி சின்னப் பாத்திரம். நீ அண்டா."

"நீங்க குழாய்ல சாயத்தை ஊத்தி நீலமாச்சு, சிவப்பாச்சுன்னு காட்டினவரு. இது அச்சுல வந்த அறிவியல். எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

சின்னவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "விடுங்கப்பா. வால் முளைச்சா அதுக்கும் ஒரு கட்டுரை படிப்பாரு" என்றான்.

அதற்கப்புறம் சாப்பாட்டு மேஜைக்கு ஒரு கால் இல்லாமல் போய்விட்டது. செங்கல் முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன். சின்னவன் படிக்கட்டில் வழுக்கி விழுந்து முன்பல் ஒன்று போய்விட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. "பிரேக் பிடிக்காத பஸ்ஸை எல்லாம் நிறுத்தியிருக்கேன்பா, இவரை நிறுத்த முடியாதா" என்கிறான், காற்று வெளியே போகிற வாயோடு.

நீ கேட்ட தலைப்பைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். அளவு பற்றி இரண்டே வரிதான். ஒன்று, கிலோவுக்கு எவ்வளவு, தினம் ஒரு முறை, ஆறு வாரம். இன்னொன்று, "விலங்குகள் தனித்தனிக் கூண்டுகளில் வைக்கப்பட்டன." அதற்குக் கீழே பொடி எழுத்தில், "சில விலங்குகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை" என்று இருக்கிறது. ஏன் தனிக் கூண்டு, ஏன் சேர்க்கவில்லை என்று கிடையாது. என் மாணவன் இப்படி எழுதியிருந்தால் பாதி மதிப்பெண்தான் போட்டிருப்பேன்.

தோள் என்னவோ சரியாகிக்கொண்டு வருகிறது. அதுதான் சிக்கல்.

அண்ணன்

மார்ச் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது, மன்னியுங்கள். எங்கள் விலங்குக் கூடத்தில் அதிகாரிகள் சோதனைக்கு வந்திருந்தார்கள். அது ஒரு வாரம்தான் நடந்தது. மீதி நாட்களுக்கு என்னிடம் காரணம் இல்லை.

நீங்கள் அனுப்பிய தலைப்பு எங்களுடையது. எங்கள் கூடத்தில் நடந்த ஆய்வு. எட்டுப் பேரில் நான்காவது பெயர் என்னுடையது. பெரியவனுக்கு அது தெரியுமா? முதலெழுத்தும் கணவர் பெயருமாக அச்சாகியிருப்பதால் நீங்களும் கவனிக்காமல் இருந்திருக்கலாம்.

இப்போதைக்கு இதை மட்டும் செய்யுங்கள். ஊசியை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த அளவு சரியான அளவு இல்லை. பையன்கள் இருவரையும் ஒரே அறையில் படுக்கவைக்காதீர்கள். சின்னவனைப் பணிமனை விடுதிக்குப் போய் இருக்கச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்காமல் செய்யுங்கள்.

அண்ணா, நீங்கள் இருப்பது தரைத்தளம். உங்கள் வீட்டில் ஏது படிக்கட்டு?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாலு

ஏப்ரல் 12

அன்புள்ள வாலு,

இங்கே உடம்புக்கு ஒருமாதிரி பரவாயில்லை. கையெழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, இடது கையால் எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதுகிறேன் என்று சின்னவன் சொல்கிறான்.

படிக்கட்டு விஷயத்தில் உன்னை ஏமாற்ற முடியாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சின்னவன் குப்பிகளை எல்லாம் எடுத்துப் பழைய டயருக்குள் ஒளித்துவைத்துவிட்டான். பெரியவன் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் இருந்திருக்கும். மெதுவாக அறைக்குப் போய், வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த தம்பியின் கையைப் பார்த்தான். "எங்கடா?" என்று ஒரே தடவை கேட்டான். கதவை அறைந்து சாத்தினான். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் விரல்கள் இருந்தன. மறுபடி திறந்து மறுபடி சாத்தினான். நான் குறுக்கே கையைக் கொடுத்தது இரண்டாவது தடவையில். சின்னவனுக்கு இரண்டு விரல் எலும்பு முறிந்திருக்கிறது. நகம் ஒன்று நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. நான்தான் துடைத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் பெரியவனே ஆட்டோ கூப்பிட்டுத் தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். வரிசையில் நின்றான். வரும்போது அழுதான். மறுநாள் மறுபடியும் ஊசி.

நீ பிரித்து வை என்கிறாய். வாலு, நான் ஆயுசு முழுக்க ஒரு முறையைக் கையாண்டவன். வகுப்பில் இருவர் அடித்துக்கொண்டால் அவர்களை ஆளுக்கொரு மூலையில் உட்காரவைக்க மாட்டேன். ஒரே பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைப்பேன். இரண்டு நாள் முறைப்பார்கள். மூன்றாம் நாள் ஒருவனுக்கு அழிரப்பர் வேண்டியிருக்கும். ஒரு வாரத்தில் சிநேகிதர்கள். இது பொய்த்துப் பார்த்ததில்லை. இவர்கள் பிறந்ததிலிருந்து ஒரே அறை. இப்போது சின்னவனை வெளியே அனுப்பினால், அடி வாங்கியவனுக்கே தண்டனை கொடுத்தது போலாகும். சின்னவனும் போக மாட்டேன் என்கிறான். "நான் போயிட்டா அப்புறம் நீங்கதான் இருப்பீங்க" என்கிறான்.

ஏன் தனிக் கூண்டு? ஏன் என்று கேட்காதே என்றாய். நான் வாத்தியார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அண்ணன்

ஏப்ரல் 17

அண்ணா,

உங்கள் மணிக்கட்டுக்கு எக்ஸ்ரே எடுங்கள். மற்ற விசாரிப்புகளைப் பிறகு வைத்துக்கொள்வோம். இன்றைக்கே இதை எழுதி முடிக்க வேண்டும்.

ஒரு கூண்டுக்கு இரண்டு எலிகள் வைத்தோம். ஒரே ஈற்றில் பிறந்த சகோதரர்கள். ஒன்றுக்கு மருந்து, மற்றதற்கு வெறும் உப்புத் தண்ணீர். இரண்டு வாரம் வரை எதுவுமில்லை. அதற்குப் பிறகு வாலில் கடி, காதில் கடி. மூன்றாவது வாரம் ஒரு காலையில் கூடத்தைத் திறந்தால் இரும்பு வாசனை அடித்தது. கூண்டுகளின் ஓரமெல்லாம் சிவப்பு. ஒன்றில் மருந்து எலி தன் சகோதரனின் வயிற்றைத் திறந்து போட்டிருந்தது. தின்னவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. இன்னொன்றில் முகமே இல்லாமல் ஒன்று இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதை நான்தான் முடித்துவைத்தேன்.

இரண்டு கூண்டுகளில் வேறு மாதிரி. அங்கே செத்துக் கிடந்தது மருந்து எலி. தொண்டை கிழிந்திருந்தது. உப்புத் தண்ணீர் எலி மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தது, அதன் வாயெல்லாம் ரத்தம். மூலையில் மாட்டினது திருப்பிக் கடிக்க ஆரம்பித்தால் அதற்கு நிறுத்தத் தெரிவதில்லை. இதை நான் கண்ணால் பார்த்தேன்.

அன்றைக்கே எல்லாவற்றையும் தனித்தனிக் கூண்டில் மாற்றினேன். மருந்தைப் பாதியாகக் குறைக்க வைத்தேன். குறைத்த பிறகு அமைதியாயின, நாரும் ஒட்டியது. நன்றாகக் கேளுங்கள், அந்தக் கட்டுரையில் குணமான எலிகள் எல்லாம் பாதி அளவு எலிகள். ஆனால் அச்சில் இருப்பது முதலில் திட்டத்தில் எழுதிய முழு அளவு. கடித்துச் செத்தவைதான் "கணக்கில் சேர்க்கப்படாதவை."

எங்கள் துறைத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் இஸ்திரி. எந்த மடிப்பையும் தேய்த்து நேராக்கிவிடுவார். "திட்டத்துல என்ன இருந்துச்சோ அதை எழுதுங்கம்மா. நடந்ததையெல்லாம் எழுதினா கட்டுரையா இருக்காது, கதையா இருக்கும்" என்றார். நானும் கையெழுத்துப் போட்டேன்.

பெரியவன் போட்டுக்கொள்வது எலிகள் ஒன்றையொன்று கிழித்த அளவு. அதுவும் எலியின் கிலோவில். உங்கள் பெஞ்சு முறை பிள்ளைகளுக்குச் சரி. ரத்தத்தில் இது ஓடுகிறவனிடம் செல்லாது. இன்றைக்கே சின்னவனைக் கூட்டிக்கொண்டு நீங்களும் வீட்டை விட்டு வெளியேறுங்கள். துணிமணி எதுவும் வேண்டாம். இந்தக் கடிதத்தைப் பெரியவனிடம் காட்ட முடிந்தால் காட்டுங்கள், ஆனால் வெளியே நின்றுகொண்டு.

வாலு

மே 9

அண்ணா,

எப்படி இருக்கிறீர்கள்? மூன்று வாரமாகப் பதில் இல்லை. நேற்று ஃபோன் செய்தேன். பெரியவன் எடுத்தான். "அப்பா நல்லா இருக்காரு அத்தை, தூங்குறாரு" என்றான். பகல் பதினொரு மணி. நீங்கள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை.

என் கடிதம் கிடைத்ததா? கிடைத்தது என்று ஒரு வார்த்தை போதும். சனிக்கிழமை கிளம்பி வருகிறேன். யாரிடமும் சொல்ல வேண்டாம்.

வாலு

ஜூன் 6

அன்புள்ள வாலு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? முழங்காலோடு அவ்வளவு தூரம் உட்கார்ந்தே வந்தாய், உட்கார்ந்தே போனாய். இங்கே இருந்த நாட்களில் நீ எதுவும் கேட்கவில்லை. நானும் பேசவில்லை. காகிதத்தில்தான் எனக்கு வரும் போலிருக்கிறது.

நேற்று பள்ளிக்கூடம் திறந்தார்கள். வாட்ச்மேன் கூப்பிட்டனுப்பி, "சார், உங்களுக்கு ரெண்டு கவர் கிடக்குது" என்று கொடுத்தார். ஏப்ரலில் ஒன்று, மே மாதம் ஒன்று. கோடை விடுமுறை, வாலு. தினமும் மாலையில் அந்த வழியாக நடந்தேன். கேட்டில் பூட்டு தொங்கியது. இன்னும் பதில் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். ஆயுசில் பாதியை அந்த விடுமுறைக்காகக் காத்திருந்து கழித்தவன், அது வந்ததை மறந்துவிட்டேன்.

நீ வந்து சேர்வதற்கு முந்தின நாள் நடந்ததை எழுதுகிறேன். காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. சின்னவன் கூடத்தில் தரையில் உட்கார்ந்து மேஜைக்குப் புதுக்கால் பொருத்திக்கொண்டிருந்தான். கட்டுப் போட்ட கையால் பிடித்துக்கொண்டு மற்ற கையால் திருகினான். பணிமனையிலிருந்து கொண்டுவந்த பெரிய ஸ்பேனர். நான் எதிரே உட்கார்ந்து போல்ட்டு எடுத்துக் கொடுத்தேன். பெரியவன் ஜிம்மிலிருந்து வந்தான். வந்தவன் காலைப் பார்த்து, "கோணலா இருக்கு" என்றான்.

"உடைச்சவங்க நேரா பொருத்தித் தரலாம்" என்றான் சின்னவன்.

அவ்வளவுதான் பேச்சு. பெரியவன் ஒரு கையால், அந்தக் கிழிந்து குணமான தோள் கையால், தம்பியைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் அறைந்தான். சின்னவனின் கால் தரையில் படவில்லை. முகம் கறுத்தது. நான் பழைய மேஜைக் காலை எடுத்துப் பெரியவன் முதுகில் அடித்தேன். நான் பெற்ற பிள்ளையை, விறகில் கோடாலி விழுவது போலச் சத்தம் வரும்படி அடித்தேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முழங்கையால் ஒரு தட்டுத் தட்டினான். நான் விழுந்தேன், மூக்குக்கண்ணாடி கழன்று போயிற்று.

சின்னவன் கையில் ஸ்பேனர் இருந்தது. முதல் அடி காதுக்கு மேலே. பெரியவன் பிடியை விட்டான். ஆச்சரியமாகப் பார்த்தபடி இரண்டடி பின்னால் போனான். கையை உயர்த்தினான், போதும் என்பது போல. சின்னவன் நிறுத்தவில்லை. பெரியவன் விழுந்த பிறகும் நிறுத்தவில்லை. மேலே உட்கார்ந்துகொண்டு அடித்தான். எலும்பின் சத்தம் மாறி ஈரச் சத்தமாகும் வரை அடித்தான். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். யாருடைய பெயரை என்று எனக்கு நினைவில்லை.

அப்புறம் சின்னவன் மூலையில் போய் உட்கார்ந்து நடுங்கினான். நேற்று உன் ஏப்ரல் கடிதத்தைப் படித்தேன். அந்த இரண்டு கூண்டுகளைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். இன்று காலையில்தான் மீதியைப் படித்தேன்.

சின்னவனைக் காவலில் வைத்திருக்கிறார்கள். காவல் நிலைய அறிக்கையில், சகோதரர்களுக்குள் தகராறு, ஆயுதம் ஸ்பேனர் என்று இருக்கிறது. ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம், புத்தகத்துல இருக்கிற அளவைத்தானே போட்டிருக்காரு" என்கிறார் அதிகாரி. புத்தகத்தில் இருக்கிற அளவு. என்ன செய்யலாம், சொல்.

அண்ணன்

ஜூலை 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாப்பிடுகிறீர்களா? எதிர்வீட்டு டெய்லரிடம் கேட்டேன், இரண்டு நாளாக அடுப்பு மூட்டவில்லை என்றார். ஆமாம், வேவு பார்க்கிறேன்.

ஆய்விதழுக்கு எழுதிவிட்டேன். எந்த வாரம் எந்த அளவு கொடுத்தோம், எப்போது பாதியாக்கினோம், எத்தனை எலிகளோடு தொடங்கினோம், எத்தனை எதனால் செத்தன, எது எதைக் கொன்றது, ஏன் தனிக் கூண்டு. எல்லாம். எதையும் தேய்க்கவில்லை.

அனுப்புவதற்கு முன் இஸ்திரியிடம் நேரில் போய்ச் சொன்னேன்.

"திருத்தம்னு ஒண்ணு போனா முதல்ல நாறப்போறது உங்க பேருதாம்மா" என்றார்.

"எலிக்கூடத்துல இத்தனை வருஷம் இருந்தவ சார், மூக்கு பழகிடுச்சு."

"யாரோ கடையில வாங்கிக் குத்திக்கிட்டதுக்கு நாம பொறுப்பா? மனுஷனுக்குன்னு நாம எழுதவே இல்லையே."

"எழுதலைதான் சார். எலிக்குன்னு எழுதினதும் உண்மையில்லையே."

மறுநாள் என்னைக் கூடத்திலிருந்து எடுத்து மாடியில் ஒரு நாற்காலியில் போட்டுவிட்டார்கள். குந்தி உட்கார வேண்டியதில்லை, முழங்காலுக்கு நல்லது.

அது யாரோ இல்லை, என் அண்ணன் மகன் என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்று சொல்லவில்லை. பிப்ரவரியில் நீங்கள் தலைப்பை எழுதி அனுப்பினீர்கள். நான் மார்ச் முடியும்வரை அந்தத் தாளை மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத மாட்டேன்.

திருத்தம் அச்சாக மாதங்கள் ஆகும். கையெழுத்துப் போட்ட நகலை வக்கீலுக்கு அனுப்பியிருக்கிறேன்.

வாலு

நவம்பர் 28

அன்புள்ள வாலு,

இங்கே நான் ஒருவன் நலம். உன் நாற்காலி எப்படி இருக்கிறது? ரத்த அழுத்தம் நூற்று நாற்பது, நீ கேட்பதற்குள்ளே எழுதிவிட்டேன்.

வழக்கு யாரும் நினைக்காத வேகத்தில் முடிந்தது. ஃபோனில் தீர்ப்பை மட்டும் சொன்னேன். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லவில்லை.

வக்கீல் நல்ல மனிதர். உன் திருத்தம் அச்சாகி வந்ததும் மூன்று தடவை படித்துவிட்டு, "இது ரொம்ப உதவும்" என்றார். பிறகு என்னைத் தனியாக அழைத்துப்போய், "ஐயா, பெரியவர் கழுத்தைப் பிடிச்சதைச் சொல்லுங்க. முதல் அடியைச் சொல்லுங்க. அதுக்கப்புறம் உங்களுக்குத் தெரியாது. கண்ணாடி கீழே விழுந்துடுச்சு. அது உண்மைதானே? உண்மையை மட்டும் சொல்லிட்டு நிறுத்திக்குங்க" என்றார்.

யோசித்துப் பார், வாலு. கண்ணாடி விழுந்தது உண்மை. ஒரு பிள்ளை போய்விட்டான். இன்னொருவனாவது வீட்டுக்கு வரட்டுமே. நானும் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டேன். பெட்டி சூடாகவும் இருந்தது.

சாட்சி சொல்வதற்கு முந்தின நாள் சின்னவனைப் பார்க்கப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். விரல்கள் கோணலாகச் சேர்ந்திருக்கின்றன. வக்கீல் சொன்னதைச் சொன்னேன்.

"கண்ணாடி விழுந்துச்சாப்பா?"

"விழுந்தது."

"பார்த்தீங்களா?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"அப்பா. பார்த்தீங்களா?"

"பார்த்தேன்டா."

"அப்ப சொல்லிடுங்க. அவரு விட்டுட்டாரு, கையைத் தூக்கினாரு. நான் நிறுத்தலை. அதை விட்டுட்டுச் சொன்னா அண்ணன் மட்டும்தான் மிருகம் மாதிரி ஆயிடும்." கொஞ்ச நேரம் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தான். "அவரு எனக்காக ஆஸ்பத்திரியில வரிசையில நின்னாரு. அதையும் சொல்லுங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். கழுத்தைப் பிடித்தது, காதுக்கு மேலே விழுந்த அடி, உயர்த்திய கை, அதற்குப் பிறகு விழுந்தவை. எத்தனை என்று கேட்டார்கள். எண்ணவில்லை, ஆனால் நிறைய என்றேன். வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். நீதிபதி உன் திருத்தத்தை உரக்கப் படிக்கச் சொன்னார். உப்புத் தண்ணீர் எலியைப் பற்றிய பத்தி வந்தபோது சின்னவன் என்னைப் பார்த்தான்.

தண்டனையைக் குறைத்தார்கள். விடவில்லை. இரண்டும் சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஒரு நாள் ஒன்று, மறுநாள் மற்றது. அவன் திரும்பி வரும்வரை நான் இருப்பேனா என்பது அந்த நூற்று நாற்பதின் கையில் இருக்கிறது. அதனால் ஒழுங்காக மாத்திரை போட்டுக்கொள்கிறேன்.

ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த கட்டுரையைப் போலீஸ் எடுத்துப்போய்விட்டது. ஒட்டிய இடம் மட்டும் வெளுத்துத் தெரிகிறது. உன் திருத்தத்தை அதே இடத்தில் ஒட்டியிருக்கிறேன். தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் படிக்கிறேன். நல்ல ஆசிரியரிடம் படித்தவள் எழுதியது போலத் தெளிவாக இருக்கிறது. யாருடைய கிலோ என்பதற்கு ஒரு தனி வரி போட்டிருக்கிறாய். கடைசி பெஞ்சுக்காரி எங்கே இருக்கிறாளோ, அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மாடிக்கு உன்னைத் தேடிக்கொண்டு சிலர் வருகிறார்கள், கட்டுரையை எப்படிப் படிப்பது என்று கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஜனவரியில் உனக்குக் கடிதம் எழுதியபோது, நாங்கள் மூவரும் நலம் என்று தொடங்கினேன். அவர்களிடம் வேறெதுவும் விளக்க வேண்டாம். இதை மட்டும் செய்யச் சொல்: எந்தக் கட்டுரையைக் கையில் எடுத்தாலும், முடிவைப் படிப்பதற்கு முன்னால், தொடக்கத்தில் எத்தனை உயிர்கள் இருந்தன, கடைசி அட்டவணையில் எத்தனை இருக்கின்றன என்று இரண்டையும் எண்ணி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாருங்கள்.

உன் அண்ணன்